கொல்லிமலை இறக்கமும் பெரிய பிரேக்கும்

“மாமா, ஆறு பிஸ்டன் காலிப்பர், பெரிய டிஸ்க்குன்னு ஒரு செட் பார்த்து வெச்சிருக்கேன். போட்டுரலாமுங்களா?” என்று அக்கா மகன் கேட்டான். சோளக்காட்டில் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தோம். எதிரே அவனுடைய இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. போன முறை நண்பனோடு இந்த மலையிலிருந்து இறங்கியபோது பாதி வழியில் கருகல் வாசனை வந்திருக்கிறது. அடுத்த சில வளைவுகளில் பெடல் மெத்தென்று உள்ளே போயிருக்கிறது. பயந்துபோய் ஓரங்கட்டி நிறுத்தியிருக்கிறான். ஊருக்குப் போனதும் அவன் கண்ணில் பட்ட பரிகாரம், லட்சக்கணக்கில் விலை சொல்லும் அந்த செட்.

பிரேக்கில் கஞ்சத்தனம் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கோளாறு எங்கே என்று பார்க்காமல் பொருளை மாற்றினால், பணம் போன பிறகும் பெடல் அதே மாதிரி உள்ளே போகும். அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். கொல்லிமலைக்கும் ஏற்காட்டுக்கும் ஊட்டிக்கும் வேகமான கார் எடுத்துக்கொண்டு போகிற பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். அவர்களுக்கும் இது உதவும்.

மாப்பிள்ளை, காரை விடு, முதலில் மலையைப் பார். அடிவாரத்தில் காரவள்ளி. அங்கிருந்து இங்கே வருவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். மொத்த இறக்கம் சுமார் ஆயிரம் மீட்டர். உன் கார், நீ, உன் நண்பன், டிக்கியில் இருக்கும் பைகள் எல்லாம் சேர்த்து 1,400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த எடையை ஆயிரம் மீட்டர் மேலே தூக்க எஞ்சின் கொடுத்த ஆற்றல் எங்கும் போய்விடவில்லை. காரின் உயரத்தில் சேர்ந்து நிற்கிறது. இறங்கி முடிப்பதற்குள் அது முழுவதும் ஏதோ ஒரு வழியில் வெளியேறியாக வேண்டும். கணக்குப் போட்டால் சுமார் 1 கோடியே 37 லட்சம் ஜூல். பச்சைத் தண்ணீர் 45 லிட்டரைக் கொதிக்க வைக்கிற அளவு சூடு அது. இந்தக் கடையில் கொதிக்கிற பாய்லரைப் பார்த்துக்கொண்டே அதை யோசித்துப் பார்.

எல்லாமே பிரேக்கின் தலையில் விழுவதில்லை. டயர் உருள்வதில் கணிசமான பங்கு கரையும். காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். கியரில் இருந்தால் எஞ்சின் பெரும்பங்கைத் தாங்கும். மிச்சம்தான் டிஸ்க்குக்கும் பேடுக்கும். அந்த மிச்சம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது நீ. அன்றைக்கு எந்த கியரில் இறங்கினாய் என்று கேட்டேன். “டி-யில விட்டுட்டேன் மாமா” என்றான். ஆட்டோமேட்டிக் பெட்டி பெட்ரோல் மிச்சம் பிடிக்கப் பார்க்கும். ஆக்சிலரேட்டரை விட்டதும் மேல் கியருக்குப் போய்விடும், எஞ்சினின் பிடி கழன்றுவிடும். மேனுவல் நிலைக்கு மாற்றி இரண்டாவது கியரில் வைத்திருந்தால், அந்த மிச்சத்தில் பெரும்பகுதி பிரேக் வரைக்கும் வந்தே இருக்காது. இப்போதைய எஞ்சின்களில் கியரில் இறங்கும்போது பெட்ரோல் தெளிப்பே நின்றுவிடும், ஆகவே அதிகம் குடிக்கும் என்ற பயமும் வேண்டாம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவன் இரண்டு வளைவுக்கு நடுவே சும்மா வரமாட்டான். ஒரு மிதி மிதித்து 60 கிலோமீட்டர் வேகத்துக்குப் போய், அடுத்த வளைவில் 15-க்கு வருவான். ஒரு தடவை அப்படிச் செய்தால் சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் ஜூல் பிரேக்கில் இறங்குகிறது. 70 வளைவுக்குப் பெருக்கு. கிட்டத்தட்ட 1 கோடியே 27 லட்சம். எஞ்சினை மிதித்து நீயாகச் சேர்த்த வேகம் என்றால், மலை கொடுத்த சூட்டுக்குச் சமமாக இன்னொரு மலையை நீயே கட்டி அதன் மேல் வைத்துவிட்டாய் என்று அர்த்தம். அதுவும், டயரும் எஞ்சினும் பங்கு போட்டுக்கொள்ளாத சூடு. நேராக டிஸ்க்குக்குப் போகிற சூடு. அதே நீ 40-ஐத் தாண்டாமல் வந்திருந்தால் இந்த இரண்டாவது மலை பாதிக்கும் கீழே குறைந்திருக்கும். வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும் என்பதால்தான் சின்ன வேகக் குறைப்புக்கு இவ்வளவு பலன்.

ரேஸ் டிராக்கில் இதைவிட வேகமாகப் போகிறார்களே, அங்கே பிடிக்கிற பிரேக் இங்கே ஏன் பிடிக்காது என்று கேட்டான். நல்ல கேள்வி. இருங்காட்டுக்கோட்டையில் இருக்கும் 3.7 கிலோமீட்டர் டிராக்கில் ஒரு பிரேக்குக்கு விழும் சூடு மிக அதிகம். ஆனால் உடனே அடுத்த நேர்ப்பாதையில் நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் காற்று டிஸ்க்கின் உள்ளே புகுந்து வெளியேறுகிறது. டிஸ்க் சூடாவதும் ஆறுவதுமாக மாறி மாறி வரும். மலை இறக்கத்தில் அந்தக் காற்று கிடையாது. 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறோம், கால் பெடலைவிட்டு முழுதாக எழும்புவதே இல்லை. சூடு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வருகிறது, ஆனால் போவதற்கு வழியில்லாமல் தேங்குகிறது. டிஸ்க்கிலிருந்து பேடுக்கு, பேடிலிருந்து காலிப்பருக்கு, காலிப்பரிலிருந்து அதற்குள் நிற்கும் பிரேக் ஆயிலுக்கு என்று அரைமணி நேரம் ஊறிக்கொண்டே போகிறது. கொல்லிமலையில் பெரும்பாலும் தோற்பது டிஸ்க் இல்லை; ஆயில்.

உன் பெடல் அன்றைக்கு எப்படி இருந்தது என்று துருவித் துருவிக் கேட்டது இதனால்தான். பெடல் மெத்தென்று அடிவரைக்கும் போனால் அது ஒரு கதை. பெடல் கல் மாதிரி கெட்டியாக நின்றும் கார் நிற்காமல் போனால் அது வேறு கதை. இரண்டையும் “பிரேக் பிடிக்கலை” என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், ஆனால் மாற்ற வேண்டிய பொருள் வேறு வேறு.

உன்னுடையது முதல் கதை. பிரேக் ஆயில் அழுத்தினால் சுருங்காது. அதனால்தான் நீ பெடலில் கொடுக்கிற அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது. ஆனால் அதற்கு ஒரு குணம் இருக்கிறது: காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகக்கூட ஈரம் உள்ளே போகும். டாட் 4 என்று பாட்டிலில் போட்ட ஆயில், புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அதே ஆயில் 3.7 சதவீதம் தண்ணீரைக் குடித்துவிட்டால் 155 டிகிரியில் கொதித்தாலும் தரம் சரியென்றே கணக்கு. டாட் 3 ஆயிலுக்கு இது 205-ம் 140-ம். டாட் 5.1 என்றால் 260-ம் 180-ம். பழைய ஆயிலோடு மலை இறங்கினால், காலிப்பருக்குள் அது கொதித்து ஆவிக்குமிழி உண்டாகும். ஆவி சுருங்கும். நீ மிதிக்கிற மிதியெல்லாம் குமிழியைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும், பேடுக்கு ஒன்றும் போய்ச் சேராது. ஆறு பிஸ்டன் காலிப்பர் போட்டிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். அதே பழைய ஆயில்தானே அதற்குள்ளும் ஓடும்.

கார் வாங்கியதிலிருந்து ஆயில் மாற்றினாயா என்றேன். இல்லை. முன்பு வைத்திருந்தவர் எப்போது மாற்றினார் என்பதும் தெரியாது. செகண்ட்ஹேண்டில் வாங்கும் ஸ்போர்ட்ஸ் காரில் இதுதான் நான் அதிகம் பார்க்கிற குறை. மாதத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் ஓடும் கார். கிலோமீட்டர் குறைவாக இருப்பதால் எல்லாம் புதிதாக இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். ஆயிலுக்குக் கிலோமீட்டர் கணக்கு கிடையாது, நாள் கணக்குதான். ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். மலைக்கு அடிக்கடி வருகிறவன் வருடம் ஒரு முறை மாற்றினாலும் தப்பில்லை. நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதே. தெளிவாக இருக்கும் ஆயிலிலும் தண்ணீர் இருக்கும். மாற்றும்போது நான்கு சக்கரத்திலும் பழைய ஆயில் முழுவதும் வெளியேறி, கடைசிக் காற்றுக் குமிழி வரைக்கும் எடுக்க வேண்டும். சில கார்களில் ஏபிஎஸ் பம்ப்பைக் கம்ப்யூட்டர் மூலம் இயக்கினால்தான் உள்ளே மாட்டிய காற்று வெளியே வரும். அந்தக் கருவி இருக்கும் பட்டறையாகப் பார்த்துப் போ.

இங்கே ஓர் எச்சரிக்கை. டாட் 5 வேறு, டாட் 5.1 வேறு. டாட் 5 சிலிக்கோன் வகை. உன் காருக்குப் பொருந்தாது, இருக்கும் ஆயிலோடு சேராது, ஏபிஎஸ் இருக்கும் வண்டியில் விடவே கூடாது. எண் பெரிதாக இருக்கிறதே என்று கடையில் வாங்கிவிடாதே. ரேஸுக்கென்று விற்கும் ஆயில்கள் 300 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும். டிராக்குக்குப் போகிறவனுக்கு அவை நல்லவை, ஆனால் அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்க மனசு வேண்டும்.

இரண்டாவது கதையில் பெடல் கெட்டியாக இருக்கும், கார் வழுக்கிக்கொண்டு போகும், கருகல் வாசனை மூக்கைத் துளைக்கும். அது பேட் கைவிடுகிற நேரம். பேடில் இருக்கும் பொருள்களை ஒட்டி வைத்திருக்கும் பிசின் அளவுக்கு மீறிச் சூடானால் சிதையத் தொடங்கி வாயுவை வெளிவிடும், உராய்வு குறையும். சாதாரணத் தெருப் பேடுகள் பலவும் முந்நூறு, நானூறு டிகிரியைத் தாண்டும்போது பிடியை இழக்கத் தொடங்குகின்றன. ஒரு தடவை அப்படிக் கருகிய பேடின் மேற்பரப்பு பளபளவென்று இறுகிவிடும், ஆறிய பிறகும் பழைய பிடி வராது. உனக்கு வாசனையும் வந்திருக்கிறது என்பதால் பேடையும் கழற்றிப் பார்க்கச் சொல்வேன்.

பேட் மாற்றுவது காலிப்பர் மாற்றுவதில் பத்தில் ஒரு பங்குகூடச் செலவாகாது, பலன் உடனே தெரியும். பல பேடுகளின் ஓரத்தில் நீளமான ஒரு குறியீடு அச்சிட்டிருக்கும். அதன் முடிவில் இரண்டு ஆங்கில எழுத்துகள். முதல் எழுத்து இயல்பான சூட்டில் உள்ள உராய்வு, இரண்டாவது எழுத்து மிகுந்த சூட்டில் உள்ள உராய்வு. ‘ஈ’ என்றால் 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ என்றால் 0.35 முதல் 0.45 வரை, ‘ஜி’ என்றால் 0.45 முதல் 0.55 வரை. மலைக்கு வருகிறவன் இரண்டாவது எழுத்தைப் பார்க்க வேண்டும். முதலாவதைவிட அது இறங்கியிருக்கும் பேடை வாங்காதே. நம் மாநிலத்துக்கு பிரேக் செய்யும் தொழில் புதிதல்ல. சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962-லேயே தொடங்கிவிட்டது. ரானே, சுந்தரம் என்று லைனிங் செய்யும் பெயர்பெற்ற கம்பெனிகளும் சென்னையில்தான் வளர்ந்தன. நல்ல பேட் கிடைக்காத ஊர் இல்லை இது. போலிப் பேட் விற்காத ஊரும் இல்லை. ஆகவே பில் போட்டுக் கொடுக்கும் இடத்தில் வாங்கு.

அதற்காக ரேஸ் பேடை மாட்டிக்கொண்டு மலைக்கு வந்துவிடாதே. அது சூடேறிய பிறகுதான் கடிக்கும். மார்கழி மாதத்தில் விடிகாலை மூடுபனிக்குள் இந்தக் கடையிலிருந்து கிளம்புகிறாய், பேட் சில்லென்று இருக்கிறது, முதல் வளைவு உடனே வந்துவிடுகிறது. அந்த வளைவில் உன் வீட்டுப் பழைய கார் நிற்கும், ரேஸ் பேட் போட்ட கார் இரண்டு அடி தள்ளிப் போகும். அந்த இரண்டு அடியில்தான் எதிரே அரசுப் பேருந்து திரும்பிக்கொண்டிருக்கும். தெருவுக்கும் மலைக்கும் பொதுவாக, ஆறியிருக்கும்போதும் பிடிக்கிற ‘ஃபாஸ்ட் ரோட்’ வகைப் பேடே உனக்குப் போதும்.

டிஸ்க் அதிர்கிறது, ஸ்டியரிங் நடுங்குகிறது என்பவர்கள் உண்டு. பெரும்பாலும் பேடின் பொருள் டிஸ்க்கில் திட்டுத் திட்டாக ஒட்டியதால் வருவது. சூடான பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றால் அப்படி ஆகும். பட்டறையில் பார்த்துச் சரிசெய்யலாம், இதற்காகப் புது காலிப்பர் வேண்டியதில்லை.

இனி நீ ஆசைப்படும் அந்த செட்டுக்கு வருகிறேன். பெரிய பிரேக் போட்டால் கார் சீக்கிரம் நிற்கும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். ஓர் ஆளில்லாத நேர்ச்சாலையில், பின்னால் வண்டி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, 60-ல் போய் பெடலை முழுதாக மிதித்துப் பார். காலடியில் டடடடவென்று ஏபிஎஸ் துடித்தால், உன் பிரேக்குக்கு டயரை வெல்லும் பலம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு மேல் காரை நிறுத்துவது டயரும் ரோடும்தான். நல்ல டயரும் காய்ந்த தாரும் இருந்தால் 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க ஏறக்குறைய 40 மீட்டர் வேண்டும். அதே ரோடு நனைந்து பிடி அறுபது சதவீதமாகக் குறைந்தால் 65 மீட்டரைத் தாண்டிவிடும். எந்தக் காலிப்பரும் இந்த 25 மீட்டரைத் திருப்பிக் கொடுக்காது. உன் டயரின் பக்கவாட்டில் தயாரித்த வாரமும் வருடமும் நான்கு இலக்கத்தில் இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வா என்றேன். பார்த்துவிட்டு வந்தவன் முகம் வாடியிருந்தது. தேயாமல் இருந்தாலும் ரப்பர் இறுகிப்போன டயர். மழைக்காலத்தில் இந்த மலையில் இலைச்சருகும் செம்மண் குழம்பும் வளைவுகளில் கிடக்கும். முதல் செலவு டயருக்கு.

பெரிய டிஸ்க்கின் உண்மையான பலன் சூட்டைத் தாங்குவதில் இருக்கிறது. கணக்கு இப்படி வரும். 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து உன் கார் ஒரு முறை நின்றால், 7 கிலோ எடையுள்ள முன் டிஸ்க் ஒவ்வொன்றும் சுமார் 60 டிகிரி ஏறும். டிஸ்க்கை 10 கிலோ ஆக்கினால் 40 டிகிரிதான் ஏறும். டிராக்கில் ஒரு சுற்றுக்கு நான்கைந்து முறை இப்படி மிதிக்கிறவனுக்கு அந்த 20 டிகிரி மிச்சம் பெரிய விஷயம். அரைமணி நேர மலை இறக்கத்தில், கனமான டிஸ்க் சூடேறுவதைக் கொஞ்சம் தள்ளிப் போடும். பரப்பு கூடுவதால் கொஞ்சம் வேகமாக ஆறவும் செய்யும். அவ்வளவுதான். கால் பெடலிலேயே இருக்கும் வரைக்கும் அதுவும் ஒரு கட்டத்தில் நிரம்பிவிடும்.

பெரிய செட்டில் கெடுதலும் வரலாம். கார் செய்தவர்கள் முன் சக்கரம் எவ்வளவு பிடிக்க வேண்டும், பின் சக்கரம் எவ்வளவு என்று அளந்து வைத்திருக்கிறார்கள். முன்னால் மட்டும் பிஸ்டன் பரப்பையும் டிஸ்க் விட்டத்தையும் கூட்டினால், முன் சக்கரம் முந்திக்கொண்டு பிடிக்கும், ஏபிஎஸ் சீக்கிரம் துடிக்கும், பின் சக்கரம் தன் பங்கைச் செய்யாமலே நிற்கும். பணம் கொடுத்து, நிற்கும் தூரத்தை அதிகமாக்கிக்கொண்டவர்களும் உண்டு. பிஸ்டன் பரப்பு கூடினால் மாஸ்டர் சிலிண்டர் அதிக ஆயில் தள்ள வேண்டும், பெடல் நீளமாக இறங்கும். நல்ல கம்பெனிகள் உன் கார் மாடலுக்கென்றே பரப்பைக் கணக்கிட்டுச் செய்கின்றன. ஆறு பிஸ்டன் என்றால் பரப்பு கூடியே ஆக வேண்டும் என்பதில்லை, சின்னச் சின்னதாகப் பகிர்ந்திருப்பார்கள். எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று விற்கும் செட்டைத் தொடாதே. ஓட்டை போட்ட டிஸ்க்கும் அழகுக்குத்தான் பெரும்பாலும். மிகுந்த சூட்டில் விரிசல் அந்த ஓட்டைகளிலிருந்துதான் தொடங்கும். பின்னால் டிரம் இருக்கும் போலோ ஜிடி மாதிரிக் கார்களில் முன்னால் மட்டும் பெரிதாக்க நினைக்கிறவர்கள் இன்னும் ஒரு மடங்கு யோசிக்க வேண்டும்.

சட்டத்தையும் பார்த்துக்கொள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. நீ செய்யப்போவது அதற்குள் வருமா என்று ஆர்டிஓ அலுவலகத்தில் கேள். காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பதிலை வாங்கி வை.

சூடுதான் பிரேக்கின் எதிரி என்பது ரேஸ்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது. 1953-ல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜாகுவார் சி-டைப் கார்கள் டன்லப் செய்த டிஸ்க் பிரேக்கோடு வந்தன. அதுவரை பெரும்பாலும் பெரிய பெரிய டிரம் பிரேக்குகள்தான். டிரம் சூடானால் விரிந்து, உள்ளே இருக்கும் ஷூவைவிட்டு விலகும். சூடும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். டிஸ்க் வெட்டவெளியில் காற்றுப் பட நிற்கும், விரிந்தாலும் பேடை நோக்கித்தான் விரியும். நீளமான நேர்ப்பாதையின் முடிவில் மற்றவர்கள் பயந்து முன்கூட்டியே மிதித்த இடத்தைத் தாண்டிப் போய் மிதிக்க ஜாகுவார் ஓட்டிகளால் முடிந்தது, அதுவும் மணிக்கணக்கில். ரோல்ட், ஹாமில்டன் ஜோடி வென்றது. ஒரு தடவை பலமாகப் பிடிப்பது எந்த பிரேக்கும் செய்யும் வேலை. நூறாவது தடவையும் அதே மாதிரி பிடித்தால்தான் அது நல்ல பிரேக்.

லெ மானுக்குப் போவானேன். நாமக்கல் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு பிரேக் பற்றிப் பேசுகிறோம். லாரிக்குப் பாடி கட்டுவதில் பெயர்பெற்ற ஊர், இந்தியா முழுக்க வண்டி ஓட்டும் டிரைவர்களின் ஊர். இங்கே எந்த லாரி டிரைவரைக் கேட்டாலும் ஒரே சொல்தான்: ஏறின கியரிலேயே இறங்கு. உன் காரைப் போல இருபது மடங்கு எடையைக் கட்டிக்கொண்டு மலை இறங்குகிறவர்கள். எக்சாஸ்ட் பிரேக்கையும் கியரையும் நம்பி, கால் பிரேக்கை வளைவுக்கென்று மிச்சம் வைப்பார்கள். அவர்களிடம் இருக்கும் பொறுமைதான் உன் காருக்கு முதலில் மாட்ட வேண்டியது.

இன்றைக்கு இறங்கும்போது இப்படிச் செய். மேனுவலில் போட்டு இரண்டாவது கியர், செங்குத்தான இடத்தில் முதல் கியர். பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வராதே. வேகம் ஏறவிட்டு, அழுத்தமாக ஒரு மிதி, வேகம் குறைந்ததும் காலை முழுதாக எடு. அந்த இடைவெளியில் டிஸ்க் மூச்சு வாங்கட்டும். நியூட்ரலுக்குப் போகாதே. எஞ்சினை அணைக்கவே கூடாது. பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் ஒன்றிரண்டு மிதியில் தீர்ந்து பெடல் கட்டையாகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும். வளைவில் ஹாரன் அடி. ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவன்தான் வழிவிட வேண்டும், அது சட்டமும்கூட. பாதி வழியில் வாசனை வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி, நன்றாக ஆறும் வரைக்கும் எடுக்காதே. தண்ணீர் ஊற்றாதே, டிஸ்க்கில் விரிசல் விழலாம். பெடல் உள்ளே போனால் பதறாமல் வேகமாகப் பல முறை மிதி, கொஞ்சம் அழுத்தம் திரும்பும், கியரைக் குறை, ஹேண்ட் பிரேக்கை மெதுவாக இழு, பள்ளத்தின் பக்கம் போகாமல் மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்கு.

காரவள்ளியில் இறங்கியதும் டீக்கடை பார்த்து உடனே நிறுத்தாதே. பலருக்குத் தெரியாத விஷயம் இது. ஓடும்போது கிடைத்த கொஞ்சக் காற்றும் நின்றுவிட்டால், டிஸ்க்கில் இருக்கும் சூடு முழுக்க காலிப்பருக்குள் ஊறும். இறக்கத்தில் கொதிக்காத ஆயில் நின்ற இடத்தில் கொதிக்கும். திரும்ப எடுக்கும்போது பெடல் இருக்காது. சேந்தமங்கலம் ரோட்டில் பிரேக்கை அதிகம் தொடாமல் சில கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி, சக்கரம் ஆறிய பிறகு நிறுத்து.

“அப்ப பெரிய செட் போடவே வேண்டாமுங்களா மாமா?” என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு கேட்டான். போடலாம். டயர் புதிது, ஆயில் புதிது, பேட் நல்லது, ஹோஸ் பழையதாக இருந்தால் அதுவும் மாற்றியாகிவிட்டது, கியரில் இறங்கப் பழகிவிட்டாய். இவ்வளவுக்குப் பிறகும் இருங்காட்டுக்கோட்டையிலோ உன் ஊர்க் கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ டிராக் நாளுக்குப் போய், நான்கைந்து சுற்றில் பிரேக் தளர்கிறது என்றால், உன் காருக்கு உண்மையிலேயே பெரிய டிஸ்க் தேவை. அப்போது முதலில் உன் கார் மாடலிலேயே அதிக சக்தி உள்ள வகைக்குக் கம்பெனி என்ன பிரேக் போட்டிருக்கிறது என்று பார். பல நேரம் அதே போல்ட்டில் உட்காரும், முன்பின் கணக்கும் கம்பெனிக்காரன் போட்டதாகவே இருக்கும். வீல் உள்பக்கம் காலிப்பர் இடிக்காமல் சுற்றுகிறதா என்று அட்டையில் அளவு வெட்டி வைத்துப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடு. புதுப் பேட் மாட்டியதும் சமவெளியில் ஆளில்லாத ரோட்டில் 60-லிருந்து 10 வரைக்கும் மிதமாகப் பல முறை குறைத்து, முழுதாக நிறுத்தாமல் பதப்படுத்தி, பிறகு நன்றாக ஆறவிடு. அதைச் செய்யாமல் மலைக்குக் கொண்டுவராதே. கழற்றிய பழைய காலிப்பரையும் டிஸ்க்கையும் எடைக்குப் போட்டுவிடாதே. எண்ணெய்த் துணியில் சுற்றி எடுத்து வை, காரை விற்கும்போது வாங்குகிறவர் கேட்பார்.